மின்வழி வஞ்சமும் பொதுமக்கள் விழிப்பும்

பாலாற்றையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து விளங்கும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தோல் நாடு என்று அழைத்தல் மிகையாகாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டுச் சென்னைத் துறைமுகத்தின் வழியே சீமைக்கு அனுப்பிய காலந்தொட்டு, குரோமிய உப்பினாற் பதனிட்டுக் காலணியாகத் தைத்து ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பும் இந்நாள் வரையில், இத்தொழில் ஒன்றனையே அடிப்படையாகக் கொண்டு நடந்து வருகின்றது. அஃது யாதெனில், கண்ணாற் காணாத மனிதன் ஒருவன் எழுதிய சொல்லை நம்புதலேயாம்.

முன்னாளில் அந்நம்பிக்கைக்குத் துணையாக நின்றவை பல. கடிதத் தாளின் தலைப்பும், வணிகரின் கையொப்பமும், முத்திரையும், பல்லாண்டு பழகிய கையெழுத்தின் சாயலும், எழுதியவர் இன்னார் என்பதனைத் தெரிவித்தன. சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் ஒருவர் சொல்லுக்கு மற்றொருவர் சாட்சியாக நின்றார். கடிதம் கடல் கடந்து சென்று விடை வருவதற்கு வாரங்கள் பல கழிந்தன. அத்தாமதமே ஐயம் எழுந்தவிடத்து அதனைத் தீர்த்துக்கொள்ள இடமளித்தது. இன்றோ, மின்னஞ்சல் கண்ணிமைப் பொழுதிற் செல்கின்றது. பணமும் அவ்வாறே செல்கின்றது. கடிதத்தின் விரைவு பெருகிற்று. ஆனால் அதனை எழுதியவன் யாவன் என்று அறியும் வாயில் குறுகிற்று. அக்குறுகிய வாயிலின் வழியே கள்வன் உள்ளே புகுந்துவிட்டான்.

இக்கள்வன் சுவரிற் கன்னமிடுவதில்லை, பூட்டை உடைப்பதுமில்லை. அவன் இருப்பது எவ்வூர், எந்நாடு என்பதும் பொருளை இழந்தவனுக்குத் தெரிவதில்லை. இவன் செய்யும் குற்றங்களை மக்கள் சைபர் குற்றம் என்பர். நாம் இக்கட்டுரையில் மின்வழி வஞ்சம் என்று வழங்குவோம். இவ்வஞ்சம் எவ்வெவ்வகையால் நிகழ்கின்றது, அதனைத் தடுக்க நம் அரசாங்கம் செய்தவை யாவை, பொதுமக்களாகிய நம்பால் எஞ்சி நிற்கும் கடமை யாது என்னும் மூன்றனையும் முறையே ஆராய்வோம்.

வஞ்சத்தின் வகைகள்

முதலாவது, வணிகக் கடிதங்களின் இடையே புகுந்து செய்யும் வஞ்சம். ஆம்பூரிலுள்ள ஏற்றுமதியாளர் ஒருவர் ஜெர்மனி தேசத்து வணிகர் ஒருவருக்குக் காலணிச் சரக்கு அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பல நாட்களுக்கு முன்னரே கள்வன் போலிப் பக்கம் ஒன்றனைக் காட்டி, ஏற்றுமதியாளரின் அலுவலகத்தில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சற் கடவுச்சொல்லைக் கவர்ந்திருப்பான். கவர்ந்தவன் உடனே யாதொன்றும் செய்யான். ஓசையின்றி உள்ளிருந்து, பற்றுச்சீட்டின் எண், கப்பல் புறப்படும் நாள், இருவரும் ஒருவரையொருவர் விளிக்கும் முறை ஆகிய யாவற்றையும் படித்தறிவான். பணம் செலுத்துதற்குரிய நாள் நெருங்குங்கால், ‘எங்கள் வழக்கமான வங்கிக் கணக்கு தணிக்கையில் உள்ளது, இம்முறை கீழ்க்கண்ட கணக்கிற்கு அனுப்புக’ என்று ஏற்றுமதியாளர் எழுதினாற்போலவே ஜெர்மானியருக்கு எழுதுவான்.

அக்கடிதம் வந்த முகவரி உண்மை முகவரியினின்றும் ஓரெழுத்தளவே வேறுபட்டிருக்கும். தமிழில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றி வாசிப்பாரை மயக்குதல் போல, ஆங்கில எழுத்துக்களிலும் கண்ணை மயக்குவன உள. ஜெர்மானியர் நல்லெண்ணத்தோடு பணத்தை அனுப்பிவிடுவார். இரு வாரங்கள் சென்றபின், ‘பணம் வரவில்லையே’ என்று இவர் கேட்க, ‘அனுப்பிவிட்டோமே’ என்று அவர் விடையளிப்பார். சரக்கும் போயிற்று, பணமும் போயிற்று. நட்டம் யாரைச் சார்ந்தது என்னும் வழக்கெழுந்து, தந்தையர் காலத்திலிருந்து வளர்ந்த நட்பும் உடன் போகின்றது. அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைக்கு 2023-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இவ்வகை இழப்பு மட்டும் 290 கோடி டாலருக்கு மேற்பட்டது. சிறு வணிகரே ஏமாறுவர் என்று எண்ணற்க. கூகுள், பேஸ்புக் என்னும் இரு பெரு நிறுவனங்களும் 2013 முதல் 2015 வரையில், தைவான் நாட்டுக் கணினிப் பொருள் உற்பத்தியாளர் பெயரால் வந்த போலிப் பற்றுச்சீட்டுகளை நம்பி, 12 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை லித்துவேனியா நாட்டான் ஒருவனுக்கு அனுப்பின. அவன் பின்னர்ப் பிடிபட்டு, 2019 டிசம்பரில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றான்.

இரண்டாவது, உழைப்பாளரின் சிறு சேமிப்பைக் குறித்துச் செய்யும் வஞ்சம். நம் பகுதியின் காலணித் தொழிற்சாலைகளில் தைப்போரும் ஒட்டுவோருமாக வேலை செய்வாருட் பெண்மக்கள் மிகப் பலர். அவர்தம் கூலி இப்பொழுது வங்கிக் கணக்கிற்கே செல்கின்றது. ‘வங்கியிலிருந்து பேசுகின்றோம், உங்கள் அடையாளச் சான்று புதுப்பிக்கப்படவில்லை, இன்று மாலைக்குள் கணக்கு முடங்கிவிடும், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று ஒருவன் பேசுகின்றான். அவ்வெண்தான் ஓடிபி எனப்படுவது. ஒரு முறைக்கு மட்டும் செல்லும் திறவுகோல் அது. அதனை வாயாற் சொல்லுதல், பெட்டகச் சாவியை ஜன்னல் வழியே எறிதலோடொக்கும். இனி, கைப்பேசிச் செயலி வழியே சில நிமிஷங்களிற் கடன் தருவோம் என்று வருவாரும் உளர். கடன் பெறுவோர் தம் கைப்பேசியிலுள்ள பெயர்களையும் படங்களையும் காண இசைவளித்துவிடுகின்றனர். பின்னர்த் தவணை தவறினால், அவற்றைக் கொண்டே உற்றாரிடையும் ஊராரிடையும் மானத்தைக் கெடுப்போம் என்று அச்சுறுத்துகின்றனர். இத்தகைய 94 கடன் செயலிகளை மத்திய அரசு 2023 பிப்ரவரியில் தடை செய்தது.

மூன்றாவது, அதிகாரத்தின் வேடம் பூண்டு செய்யும் வஞ்சம். காவல் உடையணிந்த ஒருவன் கைப்பேசியின் காணொளியில் தோன்றி, ‘உம் பெயருக்கு வந்த பொதியில் போதைப்பொருள் அகப்பட்டது, உம்மைக் கைது செய்துள்ளோம், அறையை விட்டு வெளியேறாதீர், யாரிடமும் பேசாதீர்’ என்று பல மணி நேரம், சில வேளைகளிற் பல நாட்கள், ஒருவரைத் தம் வீட்டிலேயே சிறைப்படுத்துகின்றான். இதனை டிஜிட்டல் கைது என்கின்றனர். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்களில் மட்டும் இந்நாட்டு மக்கள் இவ்வகையால் 120 கோடி ரூபாய் இழந்தனர் என்று மத்திய உள்துறை தெரிவித்தது. காணொளி வழியே கைது செய்தல் என்பது நம் நாட்டுச் சட்டம் எதனினும் இல்லை. 2024 அக்டோபர் 27-இல் பிரதமரும் தம் வானொலிப் பேச்சில் இதனை எடுத்துக் கூறி, நிற்க, சிந்திக்க, பின்னர்ச் செய்க என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார். இவ்வஞ்சத்தில் கற்றோரும் ஓய்வுபெற்ற அலுவலரும் அகப்படுதலைக் காண்கின்றோம். சட்டத்திற்கு அஞ்சி நடக்கும் நற்குணமே இங்கு அவர்க்குக் கண்ணியாகின்றது.

நான்காவது, இயந்திரத்தையே சிறைப்பிடித்துப் பணம் பறித்தல். 2017 மே 12-இல் வான்னாகிரை என்னும் நச்சுநிரல் ஏறக்குறைய 150 நாடுகளிற் பரவி, கணினிகளிலுள்ள ஏடுகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைப்பதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மருந்து இரண்டு மாதம் அலமாரியில் இருந்தது, உண்ணாதார் நோயுற்றனர்.

இரண்டு வங்கிகளின் வரலாறு

இவ்வஞ்சம் எங்ஙனம் கண்டறியப்படுகின்றது என்பதற்கு இரண்டு வரலாறுகளை உரைப்போம். ஒன்று நம் அண்டை நாட்டில் நிகழ்ந்தது. மற்றொன்று நம் தமிழ் நாட்டிலேயே நிகழ்ந்தது.

2016 பிப்ரவரியில், வங்காளதேசத்து மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்த கள்வர், நியூயார்க்கிலுள்ள அதன் இருப்பிலிருந்து ஏறக்குறைய 95 கோடி டாலரைப் பிற நாடுகளுக்கு அனுப்புமாறு போலிக் கட்டளைகள் விடுத்தனர். அவர் தேர்ந்தெடுத்த பொழுது வியாழக்கிழமை இரவு. வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. அடுத்த திங்கள் சீனப் புத்தாண்டாதலின் மணிலாவில் விடுமுறை. கள்வன் பஞ்சாங்கமும் பார்க்கின்றான் என்பதனை இதனால் அறிக. 10 கோடியே 10 லட்சம் டாலர் வெளியே சென்றது. அதில் 2 கோடி டாலர் இலங்கையிலுள்ள ஓர் அறநிலையத்தின் பெயருக்குச் சென்றது, அப்பெயரில் ஆங்கிலச் சொல்லொன்று பிழைபட எழுதப்பட்டிருந்தமையால் இடையிலிருந்த வங்கியார் ஐயுற்று வினவினர், அத்தொகை மீண்டது. எஞ்சிய 8 கோடியே 10 லட்சம் மணிலாவை அடைந்தது. அதிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்தது.

2018 பிப்ரவரியில், 1904-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியிலும் இதனையொத்த செயல் நிகழ்ந்தது. அயல்நாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விப்ட் என்னும் அமைப்பின் வழியே, ஏறக்குறைய 20 லட்சம் டாலர் மதிப்புள்ள மூன்று போலிக் கட்டளைகள் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் சென்றன. அனுப்பிய செய்திக்கு வரும் ஒப்புகைகளை அச்சிடும் பொறியைக் கள்வர் முன்னரே செயலிழக்கச் செய்திருந்தனர். மறுநாட் காலையில் கணக்கை ஒப்புநோக்கிய அலுவலர், தாம் அனுப்பாத தொகை சென்றிருத்தலைக் கண்டனர். உடனே பிற வங்கிகளுக்கு அறிவித்தனர். துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது.

இவ்விரண்டு வரலாறுகளையும் ஒருங்கு நோக்குமிடத்து விளங்குவது யாது? கள்வரை இடைமறித்தது எழுத்துப்பிழையைக் கண்டு வினவிய ஒருவர் கண்ணும், காலையிற் கணக்கை ஒப்புநோக்கும் பழக்கமும், கண்டவுடன் மறையாது அறிவித்த துணிவுமேயாம். இம்மூன்றும் எழுதப் படிக்க வல்லார் எவர்க்கும் இயலுவன.

அரசாங்கம் செய்தவை

இனி, அரசாங்கத்தின் முயற்சிகளைப் பார்ப்போம். நம் நாட்டில் இத்துறைக்கென முதன்முதல் தோன்றிய சட்டம் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமாகும். அது 2000 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. மின்வழி எழுதப்பட்ட ஆவணத்தையும் ஒப்பத்தையும் சட்டம் ஏற்றுக்கொள்ளுமாறு செய்து, அவ்வகை வணிகத்தை வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். குற்றங்களைப் பற்றிய பகுதி அந்நாளிற் சிறியதே. அச்சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி ஒருவர் தண்டனை பெற்ற முதல் வழக்குகளுள் ஒன்று 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. பெண்ணொருவரை இணையத்தில் இழிவுபடுத்திய அவ்வழக்கு, புகார் பதிவாகிய சில மாதங்களிலேயே முடிவுற்றமை தமிழ்நாட்டுக் காவல் துறைக்குப் பெருமை தந்தது. அவ்வாண்டிலேயே கணினி அவசர நடவடிக்கைக்கென இந்தியக் குழுவொன்றும் ஏற்பட்டது.

2008-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பெற்றது. பிறர் கடவுச்சொல்லையும் அடையாளத்தையும் வஞ்சமாகப் பயன்படுத்துவோர்க்கும், கணினி வழியே வேடமிட்டு ஏமாற்றுவோர்க்கும் மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் பிரிவுகள் அப்பொழுது சேர்ந்தன. முன்னர்த் துணைக் கண்காணிப்பாளரே புலன் விசாரித்தல் கூடும் என்றிருந்த விதி தளர்ந்து, ஆய்வாளரும் விசாரிக்கலாம் என்றாயிற்று. எனினும் அத்திருத்தத்திற் புகுந்த 66ஏ என்னும் பிரிவு, இணையத்தில் எழுதும் சாதாரணக் கருத்துக்கும் சிறை தரத்தக்கதாக விரிந்திருந்தமையால், 2015 மார்ச்சு 24-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாது என நீக்கிற்று. கள்வனைப் பிடிக்க வீசும் வலை குடிகளின் வாயைக் கட்டுதலாகாது என்பது அத்தீர்ப்பால் நாம் பெற்ற பாடம்.

2013-இல் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியாயிற்று. 2019-இல் தேசியப் புகார்த் தளம் தொடங்கிற்று. 2020 ஜனவரியில் மத்திய உள்துறையின்கீழ் ஒருங்கிணைப்பு மையம் திறக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசும் தனக்கென ஒரு சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. மாவட்டங்களிற் சைபர் குற்றக் காவல் நிலையங்கள் ஏற்பட்டன. 2021-இல் பணம் இழந்தோர் உடனே பேசுதற்கு ஒரு தொலைபேசி எண் அமைந்தது. 2022 முதல் அவ்வெண் 1930 ஆகும். அவ்வெண்ணுக்குச் செய்தி வந்தவுடன், பணம் எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்குச் சென்றதோ அவ்வங்கிகளுக்கு அறிவிப்புச் செல்கின்றது. பணம் இன்னும் அங்கே இருப்பின் அது நிறுத்தி வைக்கப்படுகின்றது. 2022 ஏப்ரல் 28-இல் பிறந்த ஆணையின்படி, நிறுவனங்கள் தமக்கு நேர்ந்த தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் அறிவித்தல் வேண்டும். மக்களின் சொந்த விவரங்களைக் காக்கும் சட்டம் 2023-இல் நிறைவேறிற்று. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

இவ்வாறு சட்டமும் அலுவலகமும் எண்ணும் இருந்தும், இழப்புக் குறைந்ததோவெனின், இல்லை. மக்களவையில் 2025 ஜூலையில் அளிக்கப்பட்ட விடையின்படி, இந்நாட்டார் மின்வழி வஞ்சத்தால் 2023-இல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-இல் இழந்தது 22,845 கோடி ரூபாய். ஓராண்டில் மும்மடங்காயிற்று. 1930 எண்ணைச் சார்ந்த ஏற்பாட்டினால் தொடக்கமுதல் அதுவரையில் காப்பாற்றப்பட்ட தொகை 5,489 கோடி என்பதும் அவ்விடையிற் கண்டது. காத்தது சிறிதன்று, ஆயினும் இழந்தது மிகப் பெரிது.

குறை எங்குளது?

காரணம் யாது? கள்வர் பலர் அயல்நாட்டிலிருத்தல் ஒன்று. காவல் துறையிற் பயின்றோர் தொகை போதாமை ஒன்று. இவற்றை அரசாங்கமே தீர்த்தல் வேண்டும். ஆனால் நம்பால் உள்ள காரணம் பிறிதொன்று. அதுவே நாணத்தாற் பிறக்கும் மௌனம்.

ஆம்பூர் வணிகர், தம் மின்னஞ்சல் களவு போயிற்று என்பது வெளிப்பட்டால் அயல்நாட்டார் தம்மோடு வணிகம் செய்யார் என்று அஞ்சி மறைக்கின்றார். தொழிற்சாலையிற் பணிபுரியும் பெண், ஏமாந்தேன் என்று சொன்னால் கணவனும் மாமியாரும் ஏசுவர் என்று அஞ்சி இரவெல்லாம் அழுது, இரண்டு நாள் கழித்துத் தன் தோழியிடம் சொல்லுகின்றாள். ஓய்வுபெற்ற ஆசிரியர், இத்துணை படித்தும் ஏமாந்தோமே என்று வெட்கி வாயடைத்திருக்கின்றார். இதற்குள் அப்பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்கிற்கும், அங்கிருந்து தானியங்கிப் பொறிக்கும் சென்று மறைகின்றது. தேள் கொட்டியவன் மருத்துவனிடம் ஓடுகின்றான், கொட்டியதற்கு நாணுவதில்லை. வஞ்சிக்கப்பட்டவன் மட்டும் நாணுவது ஏன்? நாணுதற்குரியவன் வஞ்சித்தவனன்றோ?

காலத்தின் அருமையை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கையாலும் உணரலாம். வங்கியின் குற்றமும் வாடிக்கையாளரின் குற்றமும் இன்றிப் பிறரால் பணம் களவு போயின், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்தவர்க்கு நட்டமேயில்லை என்று அது வகுத்தது. கடவெண்ணைத் தாமே சொல்லிவிட்டவராயினும், அறிவிக்கும் வரையில் நேர்ந்த நட்டமே அவரைச் சாரும். அறிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும் என்றும் அது கூறிற்று. ஆகவே பேசாதிருந்த ஒவ்வொரு மணி நேரமும் நம் கணக்கிலேயே பற்று எழுதப்படுகின்றது.

மௌனத்தினும் கொடியது ஒன்றுளது. அது நம் போன்ற இளைஞரைச் சார்ந்தது. ‘உன் வங்கிக் கணக்கைச் சில நாள் எமக்குக் கொடு, மூவாயிரம் ஐயாயிரம் தருவோம்’ என்று மாணவரை அணுகுவோர் உளர். களவுப் பணம் முதலில் வந்து தங்குவது அத்தகைய இரவற் கணக்குகளிலேதான். கணக்கைக் கொடுத்தவன், ‘எனக்கொன்றும் தெரியாது’ என்பான். ஆனால் காவலர் முதலில் வந்து தட்டுவது அவன் வீட்டுக் கதவையே. திருடனுக்கு ஏணி கொடுத்தவன் திருட்டிற் பங்குடையான். அவ்வாறே, கம்போடியா, மியான்மார் முதலிய நாடுகளிற் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர் பலர், முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, தம் நாட்டாரையே தொலைபேசியில் வஞ்சிக்குமாறு வற்புறுத்தப்பட்டனர். 2025 மார்ச்சில் 500-க்கு மேற்பட்டோரை நம் அரசாங்கம் தாய்லாந்து வழியே விமானங்களில் மீட்டுக் கொணர்ந்தது. பதிவுபெற்ற முகவர் வாயிலாகவன்றி அயல்நாட்டு வேலைக்குப் புறப்படலாகாது என்பதனை வேலையின்றி வருந்தும் நம் தோழர்க்கு அழுத்திக் கூறுவோமாக.

பாலாறு கற்பித்த பாடம்

பொது நலத்தைக் காக்கும் வழி யாதென்பதனை நம் பகுதி முன்னரே ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றுளது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் நிலத்திலும் பாலாற்றிலும் விடப்பட்டது. அந்நஞ்சும் கண்ணுக்குப் புலப்படாமலே நிலத்தடியிற் சென்றது. ஒருவர் சாலையிலிருந்து வெளியேறிய நீர் மற்றொருவர் கிணற்றைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் முழுதுமோ ஒரு பகுதியோ பயிருக்குதவாதாயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பிற் குறிக்கப்பெற்றது. கெடுத்தவனே ஈடு செய்க என்பதும், கேடு வருமுன்னரே காக்க என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் நெறிகளாக அதனால் நிலைபெற்றன.

அதற்குப் பரிகாரமாக அமைந்தவற்றுள் முதன்மையானவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். சிறு சாலை ஒவ்வொன்றும் தனித்தனியே அத்தகைய நிலையம் கட்டப் பொருளில்லை. பலர் கூடிக் கட்டினர். அதுவும் எல்லாக் கேட்டையும் போக்கவில்லை. ஆயினும் தனித்து இயலாதது கூடியவிடத்து ஓரளவேனும் இயன்றது.

மின்வழி வஞ்சத்திற்கும் இந்நெறி பொருந்துவதாகும். பத்துப் பேரை வைத்து நடத்தும் தோல் வணிகர் ஒருவர் கணினிக் காவலுக்கெனத் தனியே நிபுணரை அமர்த்தல் இயலாது. ஊர்தோறும் உள்ள வணிகர் சங்கங்கள் கூடி ஒருவரையேனும் பொதுவில் அமர்த்திக்கொள்ளலாம். ஒருவர்க்கு வந்த போலிக் கடிதத்தைச் சங்கத்தில் வெளிப்படையாகக் காட்டினால், மற்றை நூறு பேர் தப்புவர். ஒருவர் கிணறு கெடின் ஊர்க் கிணறு கெடும் என்று கற்றோம். ஒருவர் மின்னஞ்சல் களவு போயின் அவரோடு கடிதம் எழுதுவார் அனைவர்க்கும் ஆபத்து என்பதனையும் கற்போமாக.

நாம் செய்யத்தக்கவை

இனி, எவரும் எளிதிற் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

1. வங்கிக் கணக்கு மாறியது என்னும் கடிதம் எவரிடமிருந்து வரினும், முன்னரே நம்மிடமுள்ள தொலைபேசி எண்ணில் அவரோடு நேரிற் பேசித் தெளிந்தபின்னன்றிப் பணம் அனுப்பலாகாது. அக்கடிதத்திலேயே தரப்பட்ட எண்ணிற் பேசுதல் பயனற்றது. ஏற்றுமதியாளரும் தம் வாடிக்கையாளர்க்கு, ‘எம் கணக்கு மாறினால் மின்னஞ்சலால் மட்டும் தெரிவிக்க மாட்டோம்’ என்று முன்கூட்டியே எழுதி வைத்தல் நன்று.

2. மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாம் பூட்டும் அமைத்தல் வேண்டும். கணினியின் திருத்தங்களை வந்தவுடன் ஏற்றுதலும், கணக்கேடுகளின் படியொன்றைக் கணினியினின்றும் பிரித்து வேறிடத்தில் வைத்தலும் வேண்டும்.

3. ஓடிபி எண்ணை வங்கியார் உட்பட எவர்க்கும் சொல்லலாகாது. அவசரப்படுத்துபவன், அச்சுறுத்துபவன், பிறரிடம் சொல்லாதே என்பவன் ஆகிய மூவரும் கள்வரென்றே கொள்க.

4. பணம் போயிற்று என்று அறிந்தவுடன், அழுவதற்கு முன் 1930 என்னும் எண்ணிற் பேசுக. பின்னர் வங்கிக்கும், மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் அறிவிக்க. வந்த செய்திகளையும் கடிதங்களையும் அழித்துவிடாது வைத்திருக்க.

5. வீட்டில் ஒருவர் ஏமாந்தேன் என்று வந்தால், ஏசாதிருக்க. ஏசுதல் அவரை அடுத்த முறை ஊமையாக்கும்; கள்வனுக்கு வேண்டுவதும் அதுவே.

இவற்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. அரசாங்கத்தின் எச்சரிக்கைகள் பலவும் படித்தவர் கண்ணுக்கே படுகின்றன. நம் தொழிற்சாலைகளின் வாயிலில், உணவு இடைவேளையில், தமிழும் உருதும் பேசும் உழைப்பாளரிடையே நின்று, அவரவர் மொழியில், அவரவர் கைப்பேசியையே கையிற் கொண்டு காட்டிக் கற்பிப்பார் வேண்டும். கல்லூரி மாணவரினும் அதற்குத் தக்கார் யாவர்? நம்முட் பலர் அவ்வுழைப்பாளரின் மக்களேயன்றோ? நம் கல்விக் கட்டணம் அவர் தைத்த காலணியின் தையலிலிருந்து வந்ததன்றோ? ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குதல், அக்கடனை ஓரளவு தீர்த்தலாகும்.

திருக்குறளிற் ‘தெரிந்து தெளிதல்’ என ஓரதிகாரம் தனியே வகுக்கப்பட்டிருத்தலை அறிவோம். ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் வணிகத்திற்குக் கேடு. காணாத மனிதனை நம்பி வளர்ந்த இத்தோல் நாடு, அஞ்சி நம்பிக்கையையே கைவிடின் வாழாது. கேட்டுத் தெளிந்து நம்புதலும், ஏமாந்தவிடத்து நாணாது அன்றே உரைத்தலும் ஆகிய இவ்விரண்டு பழக்கங்களும் நம் கடைகளிலும் சாலைகளிலும் வீடுகளிலும் வேரூன்றுமாயின், சட்டமும் காவலும் செய்யத் தொடங்கிய வேலை நிறைவுறும். அவ்வேரை ஊன்றும் பணியை நம் வீட்டிலிருந்தே, இன்றிரவு நம் தாயாரின் கைப்பேசியிலிருந்தே, தொடங்குவோமாக.